மன்னர் இறங்கிய துறை

1939 மே மாதக் கடைசியில் மன்னரும் அரசியும் வான்கூவரிலிருந்து விக்டோரியாவுக்குக் கப்பலில் போகப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அதற்கென்று அமைக்கப்பட்ட வரவேற்புக் குழு கடலை மூன்றாகப் பிரித்தது. மன்னர் போகும் கடல், மன்னர் கண்ணில் படக்கூடிய கடல், மற்றக் கடல். எங்கள் கோல்ட்டர் தீவு மற்றக் கடலில் இருந்தது. அதற்காக நாங்கள் யாரும் வருத்தப்படவில்லை. ஆனால் வாரம் மூன்று முறை எங்களுக்குத் தபாலும் மாவும் மண்ணெண்ணெயும் மனிதர்களும் கொண்டுவரும் ‘லேடி மாட்’ என்ற சின்ன நீராவிக் கப்பல், மற்றக் கடலுக்கு வந்துசேர மன்னர் கண்ணில் படக்கூடிய கடலைத் தாண்டியாக வேண்டும். தொந்தரவு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தத் திங்கட்கிழமை கப்பலில் ஏறிய அறுபத்திரண்டு பேரில் எய்னோ ராத்திகைனனும் ஒருவர். ஃபின்லாந்துக்காரர். நாற்பத்து நாலு வயது, ஆறடி நாலு அங்குலம். வடக்கே மரம் வெட்டும் முகாமில் இருபது வருடமாக இருந்தவர். அவர் ஒரே மூச்சில் பத்து வார்த்தை பேசிக் கேட்டவர் யாரும் கிடையாது.

நாலு வருடத்துக்கு முன் ஒரு மூடுபனி நாளில் அவர் தவறுதலாக எங்கள் தீவில் இறங்கிவிட்டார். அடுத்த கப்பல் வரும்வரை, தபால் அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் விதவை மோராக் கால்பிரெய்த் அவருக்கு பார்லி சூப் கொடுத்தாள். அவர் மூன்று தட்டு சாப்பிட்டார். பிறகு முகாமிலிருந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு கடிதமும் இரண்டு வரி. இப்படியே கல்யாணம் வரைக்கும் போய்விட்டது. ஆனால் கல்யாணத்துக்கென்று குறித்த நாளில் மூன்று முறை அவர் வரவில்லை. முதல் முறை புயல் என்று எழுதினார். இரண்டாம் முறை முகாமில் தீ. மூன்றாம் முறை காலில் மரம் விழுந்துவிட்டதாம்.

மோராக் பதில் எழுதினாள். எய்னோ அதை மனப்பாடமாக வைத்திருந்தார். “நாலாவது தடவைக்குக் காரணம் எழுத வேண்டாம். திங்கட்கிழமைக் கப்பலில் வந்து இறங்குங்கள். பாதிரியார் அன்று இங்கே இருப்பார். நாலு மணிக்கு நீரோட்டம் திரும்பியதும் அவருடைய படகு கிளம்பிவிடும். அதற்குள் நீங்கள் இறங்கவில்லையென்றால், சரி என்று நான் சொன்ன வார்த்தையும் அந்தப் படகோடு போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.”

லேடி மாட் வழக்கமாகப் பகல் பன்னிரண்டரைக்கு எங்கள் துறைக்கு வந்துவிடும். எனவே எய்னோ நிம்மதியாகவே ஏறினார். கறுப்புக் கோட்டு புதிது. கைகள் மட்டும் பழையவை. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அவருக்குப் பின்னாலேயே மேஜர் டெம்பிள்ட்டன் ஏறினார். வரவேற்புக் குழுவின் நீர்ப் பிரிவு. மார்பில் ஆறு பதக்கம், கையில் அறுபத்திரண்டு பக்கப் புத்தகம். ஏறியதும் முதல் வேலையாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எங்களிடம் பேசினார்.

“அன்பர்களே! மன்னரோட கப்பல் ரிப்பேரானா முதல் மாற்றுக் கப்பல் ஒண்ணு தயாரா இருக்கு. அதுவும் ரிப்பேரானா ரெண்டாவது, மூணாவது. மூணும் ரிப்பேரானா அந்தப் பாக்கியம் இந்தக் கப்பலுக்கு. நாம நாலாவது மாற்று! மூணு கப்பல் மூழ்கினா போதும், மன்னர் நம்மகூட இருப்பார்! அதுக்காக நாம எல்லாரும் வேண்டிக்கணும்.”

“மூழ்கணும்னா?” என்று கேட்டாள் திருமதி பிரிங்கிள். மடியில் கோழிக்குஞ்சுப் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“தயாரா இருக்கணும்னு” என்றார் மேஜர்.

நாலாவது மாற்றுக் கப்பலாகத் தேர்வானதால் லேடி மாடில் சில ஏற்பாடுகள் நடந்திருந்தன. பயணிகள் கூடத்தில் இரண்டு சாய்வு நாற்காலிகள் போட்டு நாலு பக்கமும் நீலக் கயிறு கட்டியிருந்தார்கள். கப்பலில் இருந்த இரண்டு கழிப்பறைகளில் ஒன்றுக்குப் புதிதாகத் தேக்குமரத்தில் இருக்கை செய்து, கதவுக்கு ரிப்பன் கட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். மிச்சம் இருந்த ஒன்று பெண்களுக்கு.

“அப்ப ஆம்பளைங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“மூணு மணி நேரப் பயணம்” என்றார் மேஜர். “பிரான்ஸ்ல போர்முனையில நாங்க பதினோரு மணி நேரம் அடக்கிக்கிட்டு இருந்திருக்கோம். அதுல நாலு பேருக்குப் பதக்கமே கிடைச்சது.”

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மூடுபனி இறங்கியது. எங்கள் பக்கத்தில் மூடுபனி இறங்கினால், இறங்கியதுதான். கையை நீட்டினால் விரல் தெரியாது. ஆனால் கேப்டன் மக்காஸ்கிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முப்பது வருடமாக அவர் காதால் கப்பல் ஓட்டுகிறார். சங்கு ஊதுவார், கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எதிரொலிக்குக் காத்திருப்பார். எத்தனை நொடியில் எப்படிப்பட்ட எதிரொலி திரும்பி வருகிறது என்பதை வைத்து, இது பாறைச் சுவர், இது மரம் அடர்ந்த சரிவு, இது பிரிங்கிள் வீட்டுக் களஞ்சியம் என்று சொல்லிவிடுவார். களஞ்சியத்துக்குப் புதுக் கூரை போட்ட வருடம் மட்டும் அவர் கொஞ்சம் குழம்பினார். பழைய தகரத்தைத் திரும்பப் போடச் சொல்லிக் கடிதம் எழுதினார்.

அவர் சங்குக் கயிற்றைப் பிடித்தார். மேஜர் அவர் கையைப் பிடித்தார்.

“விதி பதினாலு, கேப்டன். மன்னரோட கப்பலுக்கு அஞ்சு மைல் சுத்துல எந்தப் பயணிகள் கப்பலும் சங்கு ஊதக்கூடாது.”

“மூடுபனியில ஊதலன்னாதான் தப்பு. கடல் சட்டம் அது.”

“கடல் சட்டம் கடலுக்கு. இது இன்னைக்கு சாயந்திரம் வரைக்கும் மன்னர் கண்ணுல படக்கூடிய நீர். நீங்க ஊதினா அது மரியாதை ஊதல்னு எடுத்துக்குவாங்க. காவல் கப்பல்கள் பதிலுக்கு ஊதணும். மொத்த மரியாதை ஊதல் நூத்தி ஒண்ணு. நூத்தி ஒண்ணையும் பங்கு போட்டுக் கொடுத்தாச்சு. உங்களுக்குன்னு புதுசா ஒண்ணை நான் எங்கேருந்து கொண்டுவர?”

“சங்கு இல்லன்னா நான் தொப்பி போட்ட பயணி. அவ்வளவுதான்.”

“அப்படின்னா பயணியா இருங்க. நங்கூரம் போடுங்க. மன்னர் கப்பல் கடந்ததும் காவல் கப்பல்லேருந்து விளக்கு காட்டுவாங்க. பார்த்துட்டுக் கிளம்பலாம்.”

“இந்தப் பனியில விளக்கா?”

மேஜர் புத்தகத்தைப் புரட்டினார். “பனியைப் பத்தி இதுல இல்லை” என்றார், அதோடு பனி விஷயம் முடிந்துவிட்டது என்ற தொனியில்.

அப்போது கப்பல் எங்கள் துறையிலிருந்து இருநூறு கெஜத்தில் இருந்தது. துறையில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. எய்னோ மேஜரிடம் போய் நின்றார்.

“ஐயா, எனக்குக் கல்யாணம்.”

“வாழ்த்துகள். எப்போ?”

“இப்போ.”

மேஜர் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நல்ல கோட்டு” என்றார். “கனமான துணி. கொடுங்க.”

நங்கூரச் சங்கிலி இறங்கும்போது கடகடவென்று சத்தம் போடும். விதி பதினைந்து, மௌனம் பற்றியது. எனவே சங்கிலியைத் துணி சுற்றித்தான் இறக்க வேண்டும். கப்பலின் போர்வைகள் பதினெட்டும் போதவில்லை. அப்புறம் மேல்கோட்டுகள். கடைசிக் கண்ணிக்கு எய்னோவின் கல்யாணக் கோட்டு. நங்கூரம் பூனை போலத் தண்ணீருக்குள் இறங்கியது. மேஜர் கண்ணில் நீர் ததும்பியது. “இது பதிவாகணும்” என்றார்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை. எய்னோ மறுபடியும் போய் நின்றார்.

“ஒரு சின்னப் படகு இறக்கினா நானே துடுப்பு போட்டுப் போய்டுவேன்.”

“உயிர்காக்கும் படகா? கப்பல் மூழ்கினாத்தான் இறக்க முடியும்.”

“அப்ப மூழ்கட்டும்” என்றார் கேப்டன், மேல்தளத்திலிருந்து.

“மன்னர் கண்ணில் படக்கூடிய நீரில் மூழ்கணும்னா நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னாடி எழுதிக் கொடுத்திருக்கணும். நீங்க கொடுக்கலை.” மேஜர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “நான் கடுமையான ஆள் இல்லை, கேப்டன். எழுதிக் கொடுத்திருந்தா நானே சிபாரிசு பண்ணியிருப்பேன்.”

“நீந்திப் போறேன்” என்றார் எய்னோ.

“தெரியுமா?”

எய்னோ யோசித்தார். தெரியாது.

இரண்டு மணிக்கு மேஜர் ஒத்திகை ஆரம்பித்தார். பயணிகளை மேல்தளக் கைப்பிடி ஓரமாகத் தகுதி வரிசையில் நிறுத்தினார். சொந்த நிலம் உள்ளவர்கள் முதலில். பிறகு பள்ளிக்கூட ஆசிரியை, பால்பண்ணைச் சங்கச் செயலாளர், குத்தகைக்காரர்கள், அவர்கள் மனைவிமார். மன்னர் கப்பல் கடக்கும்போது எல்லாரும் தொப்பியைக் கழற்றி மூன்று முறை ஆரவாரம் செய்ய வேண்டும். விதி பதினைந்து இருப்பதால் சத்தமில்லாமல் செய்ய வேண்டும். வாயை அகலத் திறந்து, சத்தம் வெளியே வராமல், முகத்தில் மட்டும் ஆரவாரம் தெரியும்படி.

“இன்னும் விசுவாசமா!” என்றார் மேஜர் கிசுகிசுப்பாக. “கடைசி ஆள், உம்ம வாயில விசுவாசம் பத்தலை. பல் தெரியுது, அவ்வளவுதான்.”

கடைசி ஆளுக்கு அதற்குமேல் வாயைத் திறக்க முடியவில்லை. காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தார்.

எய்னோ எந்த வரிசையிலும் சேரவில்லை. அவருக்கு நிலம் இல்லை, பதவி இல்லை, இந்த நாட்டுக் குடியுரிமைகூட இன்னும் வரவில்லை. மேஜர் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். வணக்கம் செலுத்திப் பழக எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும். மிச்சம் இருந்த ஒரே வேலை மன்னர் வேலை. எனவே எய்னோவை உள்ளே அழைத்துப் போய் நீலக் கயிற்றைத் தூக்கி, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால் வலிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்த திருமதி பிரிங்கிள், யாரும் கேட்பதற்கு முன்பே குஞ்சுப் பெட்டியோடு அரசியின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அறுபது பேரும் வரிசையாக வந்து குனிந்தார்கள். முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து கதவில் இடித்துக்கொண்டு வெளியேறினார்கள். திரும்ப வந்து குனிந்தார்கள். இப்படி ஐந்து முறை.

மூன்று மணிக்கு எய்னோ எழுந்தார். “ஐயா, நான் போகணும்.”

மேஜர் ஆழமாகக் குனிந்தார். “முடியாது, மாட்சிமை பொருந்தியவரே. விதி முப்பத்தொண்ணு. ஒத்திகையில் மன்னர் இடத்துல இருக்கறவருக்கு மன்னருக்குரிய மரியாதை எல்லாம் உண்டு. இல்லேன்னா ஒத்திகைக்கே அர்த்தம் இல்லை. உண்மையான மன்னர் கடந்துபோனதுக்கு அப்புறம்தான் நீங்க பதவியிலிருந்து இறங்க முடியும்.”

“அவர் எப்போ வருவார்?”

“ஒண்ணு பத்துக்கு.”

“மணி மூணு.”

“அப்படின்னா நெருங்கிட்டார்” என்றார் மேஜர்.

மன்னர் கப்பல், பனியைப் பார்த்ததும் வெளிப்பக்கத்துக் கால்வாய் வழியாகச் சுற்றிப் போய்விட்டது என்பதை நாங்கள் மறுநாள்தான் பத்திரிகையில் படித்தோம். அந்த நேரத்தில் அவர்கள் விக்டோரியாவில் இறங்கித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்களாம். எங்களைத் தாண்டிப் போகாத கப்பல் தாண்டிப் போய்விட்டதா என்று பார்த்துச் சொல்லும் விளக்குக்காக நாங்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மூன்றேகாலுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டங். டங். டங். கரையிலிருந்து.

எங்கள் தீவுகளில் இது வழக்கம். பனியில் கப்பல் தாமதமானால் துறைமுனையில் யாராவது நின்று தகரத்தைத் தட்டுவார்கள். கப்பல் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வரும். திருமதி பிரிங்கிள் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

“அது என் வாளி. மோராக் போன மாசம் இரவல் வாங்கிட்டுப் போனா. நசுங்கின பக்கமாத் தட்டுறா பாரு.” முழங்கையால் எய்னோவை இடித்தாள். “யோவ் ராசா. உனக்குத்தான்யா தட்டுறா.”

எய்னோவின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின.

“நாலாவது தடவை! ஊருக்கே தெரியும். இருநூறு கெஜத்துல வந்து பட்டு மெத்தையில உக்காந்துக்கிட்டு வரலைன்னா, அவ உன்னை எந்தக் கணக்குல சேர்ப்பா?”

“விட மாட்டேங்கறாரே.”

“நீ ராசாதானே? கேளு!”

எய்னோ மேஜரைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் யாருக்கும் உத்தரவிட்டதில்லை. மரங்கள்கூடத் தாமாக விழுந்தது போலத்தான் அவர் முன்னால் விழும்.

“கரைக்குப் போகணும்” என்றார். பிறகு, திருமதி பிரிங்கிளின் முழங்கை மறுபடி வந்ததும், “அது என் விருப்பம்.”

மேஜரின் முகம் வெளுத்தது. புத்தகத்தைப் புரட்டினார். அறையில் குஞ்சுகளின் கீச்சொலி மட்டும். “விதி நாற்பது. மன்னர் விருப்பம் தெரிவித்தால்…” படித்துக்கொண்டே போனார். குரல் இறங்கியது. “…உடனே நிறைவேற்றணும்.” குதிகாலைச் சேர்த்து நின்று சல்யூட் அடித்தார். “கேப்டன்! நங்கூரத்தை எடுங்க! சத்தமில்லாம!”

சத்தமில்லாமல் எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. எய்னோவின் கோட்டு துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. அவர் அதை அப்படியே மாட்டிக்கொண்டார். கப்பல் வாளிச் சத்தத்தை நோக்கி ஊர்ந்தது. நூற்றைம்பது கெஜம். நூறு. டங். டங். கேப்டன் சிரிக்க ஆரம்பித்திருந்தார்.

அப்போது சத்தம் நின்றுவிட்டது.

பிறகுதான் தெரிந்தது. கரைக்கும் ஒரு புத்தகம் போயிருந்தது. எங்கள் தீவின் ஒரே கான்ஸ்டபிள் அதைப் படித்து முடித்தபோது மணி மூன்றரை. படித்து முடித்ததும் நேராக வந்து வாளியைப் பறிமுதல் செய்துவிட்டார்.

“நிறுத்து!” என்றார் கேப்டன். “இடதுபக்கம் பாறை இருக்கு. எங்கே இருக்கோம்னே தெரியலை. ஏதாவது சத்தம் வேணும். இல்லேன்னா திரும்ப நங்கூரம்தான்.”

மணி மூன்று நாற்பது. எய்னோ முன்தளத்துக்கு ஓடினார். மன்னர் ஓடுவதால் மேஜரும் பின்னால் ஓடினார். எய்னோ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். இருபது வருடத்தில் அந்த வாய் உரக்கக் கத்திப் பழகிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதுவே வந்தது.

“மரம் விழுதூ… விலகூ!”

பனி முழுக்க அது உருண்டது. உடனே கரையிலிருந்து ஒரு பெண் குரல்.

“கடல்ல எங்கேய்யா மரம்?”

“அரை நொடி!” என்றார் கேப்டன். “நேரா, கொஞ்சம் வலது. பேச வை அவளை! நிறுத்தவிடாதே!”

இது எய்னோவால் முடியாத காரியம். அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அறுபது பேரும் சத்தமில்லாமல் வாயைத் திறந்து கொண்டிருந்தார்கள், பழக்கம்.

“மோராக்” என்று கத்தினார். “நான்தான்.”

“தெரியுது. இந்தத் தடவை என்ன காரணம்?”

“மன்னர்.”

“என்னது?”

“என்னை மன்னராக்கிட்டாங்க. விட மாட்டேங்கறாங்க.”

எஞ்சின் மட்டும் மெல்ல மூச்சு விட்டது. “அவ நிறுத்திட்டாய்யா!” என்று கேப்டன் பதறினார். “இன்னும் அறுபது கெஜம் இருக்கு! எதையாவது சொல்லு!”

எய்னோ கண்ணை மூடிக்கொண்டார்.

“மூணாவது தடவை கால்ல மரம் விழலை. பொய். வான்கூவர் வரைக்கும் வந்துட்டேன். டிக்கெட்கூட எடுத்துட்டேன். கப்பல் கிளம்பற வரைக்கும் துறையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். பயமா இருந்துச்சு. நீ சூப் கொடுத்ததைத் தவிர எனக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. அதனால பயம்.”

அவர் வாழ்நாளில் பேசிய மொத்தத்தில் பாதி அதில் தீர்ந்திருக்கும். கேப்டன் எஞ்சினை நிறுத்தக் கையைத் தூக்கினார்.

அப்போது மோராக் ஆரம்பித்தாள்.

“பொய்யா? அடப்பாவி மனுஷா! அந்தக் காலுக்காக நான் ஆறு வாரம் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினேனே! ஒத்தைக் காலுக்கு மட்டும் தடியா! கோயில்ல உன் காலுக்காகத் தனியா ஜெபம் பண்ணச் சொன்னேனே, ஊரே முழங்கால் போட்டுச்சே…”

“அருமை” என்று முணுமுணுத்தார் கேப்டன், சுக்கானைத் திருப்பியபடி. “நாற்பது கெஜம். அப்படியே திட்டட்டும்.”

“…வெக்கமா இல்லை? ஆறடி உயரத்துக்கு வளர்ந்தா போதுமா? ஒரு கப்பல்ல ஏறத் தெரியாதா? இங்கே பாதிரியார் கயித்தை அவிழ்த்துக்கிட்டு இருக்கார், நான் அவர் படகுக்குள்ள ஒரு காலை வச்சு நிறுத்தி வச்சிருக்கேன்…”

“இருபது. பத்து.”

கப்பல் துறை மரங்களில் மெத்தென்று உரசி நின்றது. பனிக்குள்ளிருந்து மோராக் தெரிந்தாள். ஒரு கால் துறையில், ஒரு கால் படகில். அவளைப் பார்த்ததும் எங்களுக்கு என்ன ஆயிற்றோ, மதியம் முழுக்க வாய்க்குள் அடைத்து வைத்திருந்த ஆரவாரம் மூன்று முறையும் சேர்ந்து சத்தமாக வெளியே வந்துவிட்டது.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. நாலு அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, துறை ஓரத்திலேயே, துருக்கறை பிடித்த கோட்டில் எய்னோவுக்குக் கல்யாணம் நடந்தது. மேஜர் மட்டும் ஆட்சேபித்தார். மன்னருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்றார். அரசி ஸ்தானத்திலிருந்து திருமதி பிரிங்கிள் சம்மதம் கொடுத்ததும் அடங்கிவிட்டார். கடைசி ஆள் களஞ்சியத்துக்குப் பின்னால் ஓடினார்.

மேஜர் தன் அறிக்கையில் பொய் ஒன்றும் எழுதவில்லை. விதி முப்பத்தொன்றின்படி மன்னராக இருந்தவர், மாலை மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கோல்ட்டர் தீவில் இறங்கினார், ஒரு குடிமகளோடு அன்பாக உரையாடினார், மக்கள் ஆரவாரம் செய்தார்கள் என்று எழுதினார். குழு அதை ஏற்றுக்கொண்டது. இலையுதிர் காலத்தில் பித்தளைத் தகடு ஒன்று வந்து எங்கள் துறையில் பதிக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு எய்னோவை அழைக்கவில்லை. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மன்னர் இறங்கிய துறையில் பயணிகள் கப்பல் எதையும் கட்டி நிறுத்தக்கூடாது என்பது விதி ஐம்பத்தைந்து. எனவே இப்போதெல்லாம் லேடி மாட் இருநூறு கெஜத்தில் நின்றுவிடுகிறது. எய்னோ படகில் போய் தபாலையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வருகிறார். கப்பலில் தேக்குமர இருக்கை உள்ள கழிப்பறை, மன்னர் பயணம் செய்ததன் நினைவாக நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிட்டது. துறைக்கு ஐந்து மைல் சுற்றளவில் சங்கு, மணி, வாளி எதுவும் ஒலிக்கக்கூடாது.

புருஷனைத் திட்டக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. பனி இறங்கும் நாட்களில் மோராக் துறைமுனைக்கு வந்து நிற்கிறாள். காலுறையில் ஆரம்பிக்கிறாள். கேப்டன் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.